பினாங்குல நம்ம ஆளு மேயரா இருந்தாராமே, அதுவும் எதிர்க்கட்சியில? தெரிஞ்சவங்க சொல்லுங்க

செந்தூல்காரி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்குப் போயிருந்தோம், திரும்பி வர்றப்போ ஜாம்ல மாட்டி எங்கெங்கயோ சுத்தி ஒரு ரோட்டுல நுழைஞ்சோம், போர்டுல ஜாலான் டி.எஸ். ராமநாதன்னு இருந்துச்சு. எம்மக படிவம் நாலு, பின்னாடி உக்காந்துகிட்டு "மா இவரு யாரு, கோயில் கட்டுனவரா"ன்னு கேட்டா. எனக்கும் தெரியல, எங்க வீட்டுக்காரருக்கும் தெரியல. அப்புறம் தங்குன ஓட்டல்ல வேலை செய்யிற அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு, அவரு பினாங்கோட மொத மேயர்மா, எதிர்க்கட்சி ஆளுன்னு. எனக்கு ஒன்னும் ஓடல. நான் கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, பொறந்து வளந்தவ, எங்களுக்கு டத்தோ பண்டார்னா, அதாவது மேயர்னா, மேல இருந்து போடுற ஆளு, மாறுனாக்கூட பேப்பர் பாத்துத்தான் தெரியும், இதுல எதிர்க்கட்சிக்காரர் எப்படி அந்த நாற்காலியில உக்காந்தாரு, யாரு போட்டா, அப்புறம் ஏன் அது நின்னு போச்சு? மக இப்ப இதையே சரித்திர ஃபோலியோவுக்கு எடுத்துக்குறேன்னு நிக்கிறா. யாராச்சும் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

கொம்தார்_நிழல் எழுதியது:

அந்த ரோட்டுல ஜாம்ல நின்னா பாதி சரித்திரம் படிச்சிரலாம் லா. எங்க வீட்ல இன்னும் ஸ்காட் ரோடுன்னுதான் சொல்வாங்க, ராமநாதன்னு சொன்னா எங்க பாட்டி "எந்த ராமநாதன், நெல்லுமண்டி வச்சிருந்தவனா"ன்னு கேக்கும். ஸ்காட்ங்கிறது பிரான்சிஸ் லைட்டோட வியாபாரக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட். வெள்ளக்காரன் பேரை எடுத்துட்டு நம்மாளு பேரை வச்சாங்க, ஆனா வாய்தான் இன்னும் மாறல. மிச்சத்தை பெரியவங்க யாராச்சும் வந்து சொல்லுவாங்க, நான் பாப்கார்னோட உக்காந்துட்டேன்.

ஃபெர்ரி மாமா எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டீங்க. எங்கப்பா அந்தக் காலத்துல சிட்டி கவுன்சில் பஸ்ல கண்டக்டர், அதனால இந்தக் கதை எங்க வீட்ல சோத்தோட சோறா வந்த கதை.

முதல்ல ஒன்னு தெரிஞ்சுக்குங்க, பினாங்குல தேர்தல்ங்கிறது சுதந்திரத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. 1951 டிசம்பர் 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் முனிசிபல் தேர்தல், மலாயாவுலயே அதுதான் மொதல்ல. கேஎல்லுக்கு அடுத்த வருசம் பிப்ரவரிலதான் வந்துச்சு. அப்ப 15 கவுன்சிலர்ல 9 பேருக்குத்தான் ஓட்டு, மத்தவங்க நியமனம், அந்த 9ல 6 இடத்தை ரேடிக்கல் கட்சி தூக்கிருச்சு, பின்னாடி முதலமைச்சரா வந்த டாக்டர் லிம் சொங் இயூதான் அந்தக் கட்சிக்கு ஆளு. அப்புறம் 1956ல எல்லா கவுன்சிலரையும் ஓட்டுப் போட்டே எடுக்கிற மாதிரி ஆயிருச்சு. அந்த நேரத்துல லேபர் பார்ட்டி மேல வந்துருச்சு. 1957 ஜனவரி 1ஆம் தேதி ராணி எலிசபெத் சாசனம் குடுத்து ஜார்ஜ்டவுன் சிட்டி ஆச்சு, மலாயா கூட்டரசுல மொத சிட்டி. மேயர்னு ஒரு பதவி வந்துச்சு, அந்த நாற்காலியில மொத உக்காந்தவரு லேபர் பார்ட்டி டி.எஸ். ராமநாதன். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, எட்டு மாசம் முன்னாடி பாத்துக்குங்க. ஒன்னு மட்டும் மகளை ஃபோலியோவுல தப்பா எழுத விட்றாதீங்க, ஜனங்க நேரா மேயருக்கு ஓட்டுப் போடல, ஜனங்க கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பாங்க, கவுன்சிலருங்க தங்களுக்குள்ள மேயரைத் தேர்ந்தெடுப்பாங்க. நிறைய பேரு இதுல குழம்புறாங்க.

இப்ப எதிர்க்கட்சி விசயம். மெர்டேக்காவுக்கு அப்புறம் மத்தியில கூட்டணி, அதாவது அலையன்ஸ். பினாங்கு மாநிலத்துலயும் அலையன்ஸ்தான், வோங் பாவ் நீ 1957ல இருந்து 1969 வரைக்கும் முதலமைச்சர். லேபரும் பார்ட்டி ராக்யாட்டும் சேந்து சோசலிஸ்ட் முன்னணி ஆனாங்க. ஆக நாடு ஒரு கட்சி, மாநிலம் அதே கட்சி, நடுவுல இந்த சிட்டி மட்டும் எதிர்க்கட்சி கையில. பாடாங் கோத்தா திடலுக்கு எதுக்க ஒரு வெள்ளக் கட்டடம் இருக்கே, 1903ல கட்டுனது, அதான் சிட்டி ஹால். பசெம்பூர் சாப்புட போறப்போ எல்லாரும் பாத்திருப்பீங்க, அங்க நடந்த கூட்டத்துல அரசாங்கக் கட்சி கவுன்சிலர்தான் எதிர்க்கட்சி வரிசையில உக்காந்திருப்பாரு. தலைகீழா இருந்துச்சு உலகம்.

அதோட அப்ப கவுன்சில்னா வெறும் குப்பை அள்ளுறது, லோங்கான், அதான் சாக்கடை, கழுவுறது மட்டும் இல்ல. தண்ணி அவங்க கையில, கரெண்டு அவங்க கையில, பஸ் அவங்களோடது. மலாயாவுலயே பணக்கார கவுன்சில்னு சொல்வாங்க. எங்கப்பா டிராலிபஸ்ல போனவரு. மேல கம்பியில ரெண்டு கோல் மாட்டிகிட்டு ஓடும், மூலையில திரும்புறப்போ கோல் நழுவிரும், பஸ் அப்படியே நின்னுரும், எங்கப்பா கீழ எறங்கி நீளக் கழியை எடுத்து அண்ணாந்து பாத்துகிட்டே கோலைத் தூக்கி கம்பியில மாட்டணும், மழையா இருந்தா கண்ணுல தண்ணி அடிக்கும், உள்ள இருக்கிறவங்க எல்லாம் வசனம் பேசுவாங்க. 1961ல டிராலிபஸ்ஸை நிறுத்திட்டாங்க. அதே வருசந்தான் ராமநாதனுக்கு அப்புறம் ஊய் தியாம் சியூ மேயரா வந்தாரு, அவரும் லேபர்தான். எங்கப்பாவோட டிக்கெட் குத்துற மிசின் இன்னும் பிஸ்கட் டின்னுல கிடக்கு, அழுத்துனா டிங்குன்னு சத்தம் வருது.

கவுன்சில் வேலையில நம்மாளுங்கதான் நிறைய. ரோடு போடுறவங்க, கூட்டுறவங்க, தண்ணிக் குழாய் பாக்குறவங்க. அவங்க லயத்துல மேயர் பேரு தமிழ்ப் பேருங்கிறது என்னா மாதிரி விசயம்னு இப்ப உள்ளவங்களுக்குச் சொன்னாப் புரியாது. ஆனா ராமநாதன் இந்தியர் ஓட்டுல மட்டும் ஜெயிச்ச ஆளு கிடையாது, ஜார்ஜ்டவுன்ல பாதிக்கு மேல சீனவங்க, அவங்க ஓட்டு இல்லாம லேபர் பார்ட்டி அங்க ஒன்னும் பண்ணிருக்க முடியாது.

ரம்புத்தான்_மரம் எழுதியது:

மாமா கதை அருமை, ஆனா ஒரு பக்கமே சொல்றீங்களே. அந்த கவுன்சில் ஏன் போச்சுன்னும் சொல்லணும்ல. 1966ல நிர்வாகக் கோளாறு, முறைகேடுன்னு குற்றச்சாட்டு வந்துதான் இழுத்து மூடுனாங்க. பினாங்கு மட்டுமா, சிரம்பான், ஜொகூர் பாரு கவுன்சில்லயும் இதே கதைதான். எல்லாரும் காந்தி மாதிரி இருந்தாங்க, அரசாங்கம்தான் அநியாயமாப் புடுங்கிருச்சுன்னு எழுதுனா டீச்சர் மார்க்கு குடுக்க மாட்டாங்க. நான் அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்கல, ரெண்டு பக்கமும் எழுதச் சொல்றேன்.

ஃபெர்ரி மாமா எழுதியது:

தம்பி நான் காந்தின்னு எங்க சொன்னேன். ஆனா தேதியைப் பாருங்க. தேர்தலை நிறுத்துனது 1965 மார்ச்ல, காரணம் இந்தோனேசியாவோட கொன்ஃப்ரொன்தாசி. சண்டை நடக்குற நேரத்துல தேர்தல் வேணாம், தற்காலிகமா நிறுத்துறோம்னாங்க. முறைகேடு குற்றச்சாட்டு வச்சு சிட்டி கவுன்சிலை எடுத்துகிட்டது 1966ல. அதே வருசம் கொன்ஃப்ரொன்தாசியும் முடிஞ்சு போச்சு, தேர்தல் மட்டும் திரும்பி வரல. அந்த அதிகாரம் எல்லாம் யார் கைக்குப் போச்சு தெரியுமா, முதலமைச்சர் கைக்கு. அதாவது எந்தக் கட்சி ஓட்டுல தோத்துச்சோ அதே கட்சி கைக்கு. முறைகேடு செஞ்சிருந்தா செஞ்சவனைப் புடிச்சு உள்ள போடு, மாட்டு மேல கோவம்னா மாட்டுக் கொட்டகையவா கொளுத்துவாங்க?

ரம்புத்தான்_மரம் எழுதியது:

சரி, தேதி பாயிண்ட் ஒத்துக்குறேன். கொட்டகை பாயிண்ட் ஒத்துக்கல.

லோங்கான்_லோயர் எழுதியது:

பேரைப் பாத்து சிரிக்காதீங்க, ஒரு காலத்துல எங்க தாமான் (குடியிருப்பு) லோங்கான் அடைப்புக்கு பதினோரு லெட்டர் எழுதுன ஆளு நான், எந்த ஊரு கவுன்சில்னு கேக்காதீங்க. பதினோரு லெட்டருக்கும் "உங்கள் புகார் பெறப்பட்டது"ன்னு ஒரே பதில், தேதி மட்டும் வேற வேற. அந்தக் கடுப்புலதான் சட்டத்தை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன்.

செந்தூல்காரி அக்கா, நீங்க கேஎல்ங்கிறதால முதல்ல உங்க ஊரு கதை. கேஎல்லுக்கு ஓட்டு இல்லாம இருந்ததே இல்லன்னு நினைக்காதீங்க. இருந்துச்சு. 1952 பிப்ரவரி கேஎல் முனிசிபல் தேர்தல்லதான் மலாய்க்காரங்க கட்சி அம்னோவும் சீனவங்க கட்சி எம்சிஏவும் மொத மொத கை கோத்து 12ல 9 இடம் ஜெயிச்சாங்க, பின்னாடி நாட்டையே ஆண்ட அலையன்ஸ்க்கு பிள்ளையார் சுழி அங்கதான் போட்டாங்க. அதே கேஎல் கொஞ்ச வருசத்துல எதிர்க்கட்சி பக்கம் சாய ஆரம்பிச்சுச்சு. 1959 பொதுத் தேர்தல்ல பங்சார்ல நம்ம வி. டேவிட் ஜெயிச்சாரு, தொழிற்சங்கத் தலைவர், சோசலிஸ்ட் முன்னணி. அடுத்த வருசம், 1960ல, ஃபெடரல் கேப்பிட்டல் சட்டம்னு ஒன்னு கொண்டாந்து தேர்ந்தெடுத்த கவுன்சிலைத் தூக்கிட்டு ஒரு கமிஷனரை உக்கார வச்சுட்டாங்க. அதாவது பினாங்குக்கு முன்னாடியே உங்க ஓட்டு போயிருச்சு. 1972 பிப்ரவரி 1ஆம் தேதி கேஎல் சிட்டி ஆனப்போ டத்தோ பண்டார்னு பேரு மாறுச்சு, ஆளைப் போடுற முறை மாறல. பினாங்குக்காரங்களுக்காச்சும் மாநிலச் சட்டமன்ற ஓட்டுன்னு ஒன்னு இருக்கு, கேஎல்காரங்களுக்கு எம்பி ஓட்டு ஒன்னு மட்டும்தான். வீட்டு வாசல் லோங்கானுக்கு எம்பி ஆபீஸ்ல போயி நிக்க வேண்டியதா இருக்கு, பாவம் அவரு நாடாளுமன்றத்துல வெளியுறவுக் கொள்கை பேசுவாரா, இல்ல எலித் தொல்லை பேசுவாரா.

இன்னொன்னு, இதுல ஒரு தமிழர் கதை இன்னும் இருக்கு, மக ஃபோலியோவுக்கு இது நல்லா வரும். தேர்தலை நிறுத்துன அதே 1965ல அரசாங்கம் ஒரு அரச விசாரணை ஆணையம் போட்டுச்சு, ஊராட்சி எப்படி நடக்குதுன்னு பாக்க. தலைவர் யாருன்னா செனட்டர் ஆதி நாகப்பன், வக்கீல், மஇகா, அதாவது அரசாங்கக் கட்சி ஆளு. நேதாஜியோட ஐஎன்ஏ ஜான்சி ராணி படையில இருந்த ஜானகி அம்மாவோட வீட்டுக்காரர். அரசாங்கம் நெனச்சிருக்கும், நம்மாளுதானே, தேர்தல் வேணாம்னு எழுதிக் குடுத்துருவாருன்னு. அவங்க 1968ல குடுத்த அறிக்கையில ஊராட்சித் தேர்தல் தொடரணும்னு எழுதிட்டாங்க! அரசாங்கம் அதை வாங்கி வச்சுகிட்டு ஏத்துக்கல. கடைசியா 1976ல ஊராட்சிச் சட்டம் வந்துச்சு, 171ஆவது சட்டம், அதுல 15ஆவது பிரிவைப் பாருங்க, தேர்தல் சம்பந்தமான சட்டம் எதுவும் இனி செல்லாதுன்னு ஒரே வரியில முடிச்சிருப்பாங்க. 10ஆவது பிரிவுல மேயர் இல்லன்னா தலைவர், அவர் கூட 8ல இருந்து 24 கவுன்சிலர், எல்லாரையும் மாநில அரசாங்கம் போடும்னு இருக்கு. ராமநாதன் உக்காந்த நாற்காலி அந்த வரியோட போச்சு.

பினாங்குல அப்புறம் என்னாச்சுன்னா, சிட்டி கவுன்சிலையும் தீவோட மத்த பகுதியப் பாத்த கவுன்சிலையும் ஒன்னாக்கி முனிசிபல் கவுன்சில் ஆக்கிட்டாங்க. தண்ணி தனி வாரியத்துக்குப் போச்சு, கரெண்டு தேசிய மின்சார வாரியத்துக்குப் போச்சு. பணக்கார கவுன்சில்னு மாமா சொன்னாரே, அந்த வரும்படி எல்லாம் ஒன்னொன்னா கழண்டு போயிருச்சு, கையில மிஞ்சினது சுக்காய் பிந்துவும் (வீட்டு வரி) பார்க்கிங் சம்மனும்தான்.

ஈப்போ_வெள்ளக்காப்பி எழுதியது:

பினாங்கு பினாங்குன்னு சொல்றீங்களே, எங்க ஈப்போவை விட்டுட்டீங்களா? சிட்டி இல்ல, டவுன் கவுன்சில்தான், ஆனா எதிர்க்கட்சி கோட்டை. பிபிபி கட்சி, சீனிவாசகம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வக்கீலுங்க, யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். டி.ஆர். சீனிவாசகம் நாடாளுமன்றத்துலயும் ஈப்போ உறுப்பினர். 1964ல ஒரு மந்திரி மேல ஊழல் குற்றச்சாட்டு வச்சாரு, மந்திரி கோர்ட்டுக்குப் போனாரு, கேஸ் தோத்து பதவியும் போச்சு. எதிர்க்கட்சின்னா அப்படி இருக்கணும். 1969 தேர்தலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி செத்துப் போயிட்டாரு. இன்னைக்கும் எங்களுக்கு டி.ஆர். பார்க் இருக்கு, பசங்க சைக்கிள் ஓட்டுறாங்க, யாரு டி.ஆர்.னு கேட்டா முழிக்கிறாங்க. அவர் போனப்புறம் அதே பிபிபி 1970கள்ல ஆளுங்கூட்டணி பாரிசான்குள்ள போயி உக்காந்துருச்சு, அதை நெனச்சா இன்னும் காப்பி கசக்குது.

செந்தூல்காரி எழுதியது:

அய்யோ இவ்ளோ வரும்னு நெனக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. மக பக்கத்துல உக்காந்து நோட்டுல எழுதிகிட்டே இருக்கா, லோங்கான் லோயர் அண்ணே உங்க பேரைப் பாத்துதான் ரொம்ப நேரம் சிரிச்சா. அவளுக்கு ஒரு சந்தேகம். 2023ல பினாங்கு மேயரா வந்தவரும் தமிழர்தானே, ராஜேந்திரன். அப்ப அவரு ராமநாதனுக்கு அப்புறம் வந்த ரெண்டாவது தமிழ் மேயர்னு எழுதலாமான்னு கேக்குறா. அதோட இப்ப பினாங்கை ஆள்றது ஒரு காலத்துல எதிர்க்கட்சியா இருந்தவங்கதானே, அவங்க ஏன் அந்தத் தேர்தலைத் திரும்பிக் கொண்டு வரல?

லோங்கான்_லோயர் எழுதியது:

தங்கச்சி மகளுக்கு வக்கீல் படிப்பு எழுதிருக்கு போல.

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல. கொண்டு வரப் பாத்தாங்க. 2008ல பினாங்கு ஆட்சி மாறுச்சு, 2012ல மாநிலச் சட்டமன்றத்துல ஊராட்சித் தேர்தல் சட்டமே போட்டாங்க, ஆனா மத்தியச் சட்டம் குறுக்க நிக்குது. மாநில அரசாங்கமும் அலிரான் அமைப்புல இருந்த பி. ராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2014 ஆகஸ்ட்ல தீர்ப்பு, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆக புத்ராஜெயாதான், அதாவது மத்திய அரசாங்கம்தான், சட்டத்தை மாத்தணும். அப்ப பினாங்குல இருந்தவங்கள்ல பல பேரு இப்ப புத்ராஜெயாவுலயும் இருக்காங்க, இன்னும் ஏன்னு நீங்களே கேட்டுக்குங்க, நான் எழுதுனா இந்தத் திரியைப் பூட்டிருவாங்க.

மொத கேள்விக்கு. 2015ல தீவு முழுசும் மறுபடி சிட்டி ஆச்சு, மேயர் பதவி திரும்பி வந்துச்சு, பதாஹியா இஸ்மாயில்னு ஒரு அம்மா மொத ஆளு. அவங்களுக்கு அப்புறம் 2017ல மைமுனா ஷரிஃப், ஐநா வேலைக்குப் போயிட்டு 2024ல உங்க கேஎல்லுக்கே டத்தோ பண்டாரா வந்தாங்களே, அதே அம்மாதான். ராஜேந்திரன் 2023ல வந்தாரு. ரெண்டாவது தமிழ் மேயர்னு எழுதுறதுல தப்பில்ல, ஆனா அதே மூச்சுல ஒரு வரி சேக்கச் சொல்லுங்க: ராமநாதன் கட்சி அரசியல்வாதி, கவுன்சிலரா ஜெயிச்சு வந்து மேயர் ஆனவரு. ராஜேந்திரன் கவுன்சில் அதிகாரியா இருந்து படிப்படியா மேல வந்தவரு, மாநில அரசாங்கம் போட்டது. திறமையில குறைச்சல்னு சொல்ல வரல, லோங்கான் அடைச்சா ஒருவேளை இவருக்குத்தான் நல்லாத் தெரியும் எங்க அடைச்சிருக்குன்னு. ஆனா ராமநாதன் காலத்துல லோங்கான் அடைச்சா அடுத்த தேர்தல்ல அந்த வட்டாரமே போயிரும். எனக்கு பதினோரு லெட்டர் எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

ரம்புத்தான்_மரம் எழுதியது:

லோயர் சொல்றது சரிதான், ஆனா தேர்தல் வந்தா இனம் பாத்து ஓட்டுப் போடுவாங்க, டவுன் எல்லாம் ஒரு இனத்துக்கே போயிரும்னு ஒரு பயம் இருக்குல, அதையும் பாப்பா எழுதணும். இப்ப வரைக்கும் எதிர்க்கிறவங்க அதிகமா சொல்ற காரணமே அதுதான்.

ஃபெர்ரி மாமா எழுதியது:

எழுதட்டும் தம்பி. அதுக்குப் பக்கத்துலயே இதையும் எழுதட்டும், பாதிக்கு மேல சீனவங்க இருந்த ஊருல 1957ல மொத மேயரா வந்தவரு பேரு ராமநாதன்.

ரம்புத்தான்_மரம் எழுதியது:

...இந்தப் பாயிண்ட் ஒத்துக்குறேன் மாமா.

செந்தூல்காரி எழுதியது:

மாமா, ஒரு சின்ன உதவி. டீச்சர் படம் வேணும்னு சொல்றாங்களாம், அன்னைக்கு கார்ல இருந்து எடுத்த போர்டு படம் ஆடிப் போயி ராமநாதன்ல "நாதன்" மட்டும்தான் தெரியுது. பக்கத்துல இருக்கீங்களா?

ஃபெர்ரி மாமா எழுதியது:

ஞாயித்துக்கிழமை காலையில ஜாம் இருக்காது, போயி எடுத்துப் போடுறேன். அப்படியே சிட்டி ஹாலும் எடுத்துர்றேன், அப்பாவோட டிக்கெட் மிசினையும் சேத்து வச்சு எடுக்குறேன், பாப்பாவுக்குப் புடிச்சா வச்சுக்கட்டும். டிங் சத்தத்தைத்தான் ஃபோலியோவுல ஒட்ட முடியாது.